சுமப்பவருக்குச் சொல்லாத துறவு

மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் மலையில், பாறைச் சரிவில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் இன்றும் இருக்கின்றன. 9-ஆம் நூற்றாண்டில் அதன் பெயர் திருச்சாரணத்துமலை. சமணத் துறவிகள் வாழ்ந்த இடம். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், அரட்டநேமி படாரரின் மாணவியான குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண்துறவி அங்கே பொன் அணிகள் கொடுத்ததை ஒரு கல்வெட்டு சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டுக்குள் அந்த இடம் பகவதி கோயிலாகிவிட்டது. நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களிலும் இப்படித்தான் பார்சுவநாதரும் மகாவீரரும் நிற்கிறார்கள். பெயர் மாறியது, தெய்வம் மாறியது, வந்து கும்பிடுபவர்களும் மாறினார்கள், செதுக்கியது போகவில்லை. அதைத் தாங்கி நிற்பதால் பாறைக்கு ஒரு குறையும் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய உருவத்தைச் சுமப்பதும் வெறுமனே கிடப்பதும் அதற்கு ஒன்றுதான். ஆனால் உலகில் எல்லாமே பாறையாக இருப்பதில்லை. ஒன்றை விட்டுவிட்டோம் என்று நாம் சொல்லும்போது உண்மையில் எது விடுபடுகிறது? விட்டவர் மனம் விடுபடுகிறதா, அதைச் சுமந்துகொண்டிருந்தவர் தோள் விடுபடுகிறதா? துறவைப் பற்றிப் பேசிய சமயங்களெல்லாம் தொட்ட பழைய கேள்வி இது. இதற்குத் தெளிவான விடை ஒன்று, நம் சட்டைப் பையில் கிடக்கும் செல்போனின் உள்ளே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு படத்தை அழித்துவிட்டோம் என்கிறோம். அப்போது போவது பெரும்பாலும் அதன் பெயரும், அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பும் மட்டுமே. எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று கணக்கு வைத்திருப்பது கோப்பு முறைமை என்ற மென்பொருள். கணக்கில் ஒரு வரியை அடித்துவிட்டால் வயல் மறைந்துவிடாது. அதுபோல, அழித்த கோப்பின் எழுத்தும் எழுதிய இடத்திலேயே கிடக்கும். காந்தத் தட்டு சுழலும் பழைய ஹார்டு டிஸ்கில் இதனால் யாருக்கும் தொல்லை இல்லை. புதியதை எழுதும் வேளை வந்தால் பழையதன் மேலேயே எழுதிக்கொள்ளலாம். பழையது எத்தனை நாள் கிடந்தாலும் தட்டுக்கு அது பாரமில்லை. இந்த வகையில் அதுவும் சிதறால் பாறையின் இனம்தான். அதனால் பல பத்தாண்டுகள், “இது எனக்கு இனி வேண்டாம்” என்று கணக்குப் பிள்ளையான கோப்பு முறைமை, சுமக்கும் வட்டுக்குச் சொல்ல ஒரு சொல்லே வழக்கில் இல்லை. மறதிக்கு விலை இல்லாத இடத்தில் அப்படி ஒரு சொல்லுக்குத் தேவையும் எழவில்லை.

ஃபிளாஷ் நினைவகம் வந்தபோது இந்த நிலை மாறியது. 1980-களில் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்தது அது. இன்றைய செல்போன், மெமரி கார்டு, மடிக்கணினியின் எஸ்எஸ்டி எல்லாம் அதன் வழி வந்தவை. அதில் எழுதுவது சில கிலோபைட் அளவுள்ள பக்கம் பக்கமாக. ஆனால் எழுதிய பக்கத்தின் மேல் மறுபடி எழுத முடியாது. முதலில் துடைத்தாக வேண்டும். துடைப்பதோ ஒரு பக்கத்தை மட்டும் முடியாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு பிளாக் முழுவதையும் ஒரே வீச்சில் துடைக்க வேண்டும். ஒவ்வொரு துடைப்பும் சில்லைக் கொஞ்சம் தேய்க்கிறது. இன்று பரவலாக விற்பவற்றில் ஒரு பிளாக் தாங்குவது சில நூறு முதல் சில ஆயிரம் துடைப்புகள்தான். ஆக, ஒரு பிளாக்கைத் துடைக்கும் முன் அதில் இன்னும் வேண்டிய பக்கங்கள் இருந்தால், அவற்றை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டுத்தான் துடைக்க முடியும். இந்த வேலையைச் சாதனத்துக்குள் இருக்கும் ஒரு சிறு கட்டுப்பாட்டகம் யாரும் கேட்காமலே செய்துகொண்டிருக்கிறது.

அந்தக் கட்டுப்பாட்டகத்துக்கு எது வேண்டியது, எது வேண்டாதது என்று எப்படித் தெரியும்? தெரியாது. பெயரை அடித்தது மேலே இருக்கும் கோப்பு முறைமை. கீழே இருப்பவருக்கு அந்தச் செய்தி வரவில்லை. 256 பக்கமுள்ள ஒரு பிளாக்கில் 200 பக்கங்கள் எப்போதோ அழித்த கோப்புகளுடையவை என்று வைத்துக்கொள்வோம். சொல்லப்படாத சாதனம் 256 பக்கத்தையும் பயபக்தியோடு தூக்கி வேறிடத்தில் வைக்கும். யாருக்கும் வேண்டாத 200 பக்கங்களுக்காக இடம் போகிறது, நேரம் போகிறது, ஆயுளும் போகிறது. அடுத்த முறையும் அதே பாரத்தைத் தூக்கும். இந்த வீண் சுமைக்குத் தீர்வாக வந்ததுதான் டிரிம் என்ற கட்டளை. “இந்த இந்த இடத்தில் இருப்பது எனக்கு இனி வேண்டியதில்லை” என்று கோப்பு முறைமை சாதனத்துக்குச் சொல்வது. அவ்வளவுதான் அதன் பொருள். 2009-இல் விண்டோஸ் 7 இதைக் கொண்டுவந்தது. 2010-இல் லினக்ஸின் 2.6.33 பதிப்பில் வந்தது. 2013-இல் ஆண்ட்ராய்டு 4.3-உடன் செல்போன்களுக்கும் வந்து சேர்ந்தது. சொல்லப்பட்டபின் சாதனம் 56 பக்கத்தை மட்டும் நகர்த்தினால் போதும். புதிதாக எதையும் கொடுக்காமல், ஒரு செய்தியைச் சொன்னதாலேயே ஒரு பொருளின் ஆயுள் நீள்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான்: மறப்பது வேறு, விடுவது வேறு. மறப்பது விடுகிறவருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. விடுவதோ, சுமப்பவர் காதில் விழுந்த பிறகே முடிகிறது. சுமப்பது பாறையாக இருந்தால் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. தேய்கிற ஒன்று சுமக்கும்போது வேறுபாடு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. மனிதர் தேய்கிறவர், குடும்பமும் நிலமும் அப்படித்தான். எனவே துறவு என்பதை உள்ளத்தின் நிலையாக மட்டும் எண்ணிக்கொள்வது பாதித் துறவு. தன் பங்குக்குப் பெயரை அடித்துக்கொண்டு, பாரத்தை இன்னொருவர் தோளில் சொல்லாமல் விட்டுச் செல்வது அது.

இதை இயந்திரத்திடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய நிலையில் நம் மரபு இல்லை. இயந்திரம் மரபின் ஒரு நுட்பத்தை நமக்கு மறுபடி விளங்கவைக்கிறது, அவ்வளவே. கொடையைத் தமிழர் தாரை வார்த்துக் கொடுப்பது என்றார்கள். கொடுக்க நினைத்ததோடு கொடை முடிவதில்லை. வாங்குபவர் கையில் நீர் விழ வேண்டும், சாட்சிகள் பார்க்க வேண்டும். உறவை முறித்தால் தலைமுழுகினான் என்கிறோம்; ஒன்றை அடியோடு கைவிட்டால் எள்ளும் தண்ணீரும் விட்டாயிற்று என்கிறோம். இந்த வழக்குகளெல்லாம் நீரோடும் சொல்லோடும் செய்யும் வெளிப்படையான செயல்களிலிருந்து பிறந்தவை. வைதிக மரபில் சன்னியாசம் கொள்பவர் மனத்துக்குள் தீர்மானித்துவிட்டால் போதாது. துறந்தேன் என்பதை மூன்று முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எந்த உயிருக்கும் என்னால் இனி அச்சமில்லை என்று எல்லா உயிர்களுக்கும் அபயம் தர வேண்டும். பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போனால் அங்கேயும் இதே அறிவுதான். கூட்டுச் சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பவர் எழுதித் தரும் ஆவணத்தின் பெயர் விடுதலைப் பத்திரம். “எனக்கு அது வேண்டாம்” என்று அண்ணன் நூறு முறை திண்ணையில் சொல்லியிருந்தாலும், பதிவேட்டில் ஏறாதவரை தம்பியால் அந்த நிலத்தை வில்லங்கமில்லாமல் விற்க முடியாது. அண்ணனின் மனம் எப்போதோ விட்டுவிட்டது. தம்பியின் தோளில் அது இன்னும் இருக்கிறது.

பௌத்தத் துறவிகளின் ஒழுங்கு விதியான விநயம் இதில் இன்னும் நுட்பமாகப் போகிறது. சங்கத்தை விட்டு வெளியேற விரும்பும் பிக்கு அதைச் சொல்லியாக வேண்டும். கேட்பவருக்கு அந்தச் சொல்லின் பொருள் புரியவும் வேண்டும். புரியாதவரிடம் சொன்னால் அவர் விலகியதாகக் கணக்கில்லை. சொன்னது போய்ச் சேர வேண்டும் என்ற இந்த நிபந்தனையைக் கணினிப் பொறியாளர்களும் பட்டுத்தான் அறிந்தார்கள். கோப்பு முறைமைக்கும் சில்லுக்கும் இடையே பல அடுக்குகள் இருக்கலாம்: குறியாக்க அடுக்கு, பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு அடுக்கு. மேலே சொன்ன செய்தியை நடுவில் ஓர் அடுக்கு கீழே கடத்தாமல் நிறுத்திவிட்டால், சொன்னவர் சொல்லிவிட்டதாகவே நம்புவார். சுமப்பவர் சுமந்துகொண்டே இருப்பார். வங்கிக் கடனை அடைத்துவிட்ட குடும்பத்தின் நிலத்தின்மேல், கடன் தீர்ந்த ரசீது பதிவாகாததால் வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் பல ஆண்டு தொடர்ந்து நிற்பதும் இதே கதைதான். விடுதலை என்பது சங்கிலியின் கடைசிக் கண்ணிவரை போக வேண்டிய செய்தி.

சிதறாலில் வாழ்ந்த சமணர்கள் வினையையே ஒரு பொருளாகக் கண்டவர்கள். உயிரில் வந்து ஒட்டும் நுண்பொருள் அது. வினை உள்ளே வருவதை ஊற்று என்றும், வரவை அடைப்பதைச் செறிப்பு என்றும், ஒட்டியது கழல்வதை உதிர்ப்பு என்றும் தமிழ்ச் சமணம் பெயரிட்டது. இந்த வரிசையில் மறதிக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செய்ததை நான் மறந்துவிட்டதால் வினை உதிர்ந்துவிடாது. உதிர்ப்பதற்கென்று ஒரு செயல் வேண்டும், அதன் ஒரு பகுதி குருவிடம் சென்று தன் பிழையை எடுத்துச் சொல்வது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாகப் பாவசங்கீர்த்தனம் என்று சொல்லி வந்ததும், மனம் வருந்தினால் மட்டும் போதாது, வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதைத்தான். இஸ்லாமிய நெறி இதில் ஒரு கோடு கிழிக்கிறது. இறைவனுக்கும் அடியாருக்கும் இடையிலான பிழையில், தவ்பா எனப்படும் வருந்தி மீள்வது போதும். பிறருடைய உரிமையைப் பறித்த பிழையில், அந்த மனிதருக்கு உரியதைத் திருப்பித் தராமலோ அவரிடம் பொறுத்துக்கொள்ளக் கேட்காமலோ தவ்பா முழுமையாகாது. ஒன்றையொன்று எத்தனையோ இடத்தில் மறுக்கும் இந்தச் சமயங்கள் இந்தப் புள்ளியில் ஒத்துப்போவது தற்செயலாக இருக்க முடியாது. மனிதர் தேய்கிறவர் என்பதை எல்லாச் சமயங்களும் கண்டிருக்கின்றன.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. உண்மைத் துறவு அகத்தில் நிகழ்வது; அதை அறிவிப்பது, துறந்தேன் என்ற பெருமையைப் புதுச் சொத்தாகச் சேர்ப்பது. ஜனகர் அரசாண்டபடியே பற்றற்றிருந்தார் என்று மரபு போற்றுகிறதே, அவர் யாரிடம் போய்ச் சொன்னார்? இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு வகை அறிவிப்புகள் இதில் கலந்துவிட்டன. ஒன்று வேடிக்கை பார்ப்பவர்களுக்குச் சொல்வது. மற்றது சுமப்பவருக்குச் சொல்வது. டிரிம் கட்டளை போகும்போது திரையில் எதுவும் தெரிவதில்லை. அது போவது சுமக்கும் சில்லுக்கு மட்டுமே. யாருக்குச் சொன்னால் பாரம் குறையுமோ அவருக்குச் சொல்வதில் பெருமைக்கு இடம் குறைவு. பெரும்பாலும் அது கூச்சமும் வலியும் தரும் பேச்சு. ஜனகரோ எதையும் விட்டுச் செல்லவில்லை. நாட்டுக்கு அரசர் இருந்தார், அரசருக்கு வேலை இருந்தது. செத்த பாரத்தை யாரும் சுமக்கவில்லை. அவர் பற்றைத்தான் விட்டார், பொறுப்பை விடவில்லை. ஒரு சொல்லும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போகிறவர் நிலை இதற்கு நேர் எதிரானது. அவர் உள்ளம் இமயத்தில் அமைதியாக இருக்கலாம்; வீட்டில் ஒருத்தி தாலியைத் தொட்டுப் பார்த்தபடி வாசலில் நிற்கிறாள். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் இந்த இரண்டு நிலைகளையும் தனித்தனியே காண்கிறது. துணைவர் உலகைத் துறந்து துறவு நெறியில் சேர்ந்துவிட்டால் அதுவே மணமுறிவுக்குக் காரணமாகும். ஒரு சேதியும் இல்லாமல் போய்விட்டால், அவர் உயிரோடிருப்பதாக எந்தத் தகவலும் வராமல் 7 ஆண்டுகள் கழிய வேண்டும். சொல்லாமல் போனதன் விலை அந்த 7 ஆண்டுகள். அதைக் கொடுப்பவர் போனவர் அல்லர்.

இரண்டாவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வருகிறது. சொல்வதில் என்ன இருக்கிறது? சொல்லிவிட்டு விடாமலே இருக்கலாமே. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா 1750 ஜனவரியில் தன் நாட்டையே பத்மநாபசுவாமிக்குத் திருப்படித்தானமாகக் கொடுத்தார். அப்போது தலைநகர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் பத்மநாபபுரம். கொடுத்தபின் அவர் காட்டுக்குப் போகவில்லை. பத்மநாபதாசன் என்ற பெயரோடு அதே நாட்டை ஆண்டார். இதை வெறும் அரசியல் உத்தி என்று சொல்பவர்கள் உண்டு. போரால் சேர்த்த நாட்டுக்கு ஒரு புனிதக் காப்பு அதனால் கிடைத்தது என்பதை மறுக்கவும் முடியாது. ஆனாலும் அந்தச் சொல்லால் ஒன்று மாறியது. உடையவராக இருந்தவர், கணக்குச் சொல்ல வேண்டிய ஊழியரானார். அவருக்குப் பின் வந்தவர்களும் அந்த நிலையிலேயே ஆண்டார்கள். டிரிம் கட்டளையிலும் நடப்பது இதுதான். கட்டளை போன கணத்தில் அந்த எழுத்து அழிவதில்லை. எப்போது துடைப்பது என்பதைச் சாதனம் தன் வசதிக்குத் தீர்மானித்துக்கொள்ளும். அதுவரை எழுத்து அங்கேயே கிடக்கலாம். மாறுவது அதன்மேல் இருந்த உரிமைக் கோரிக்கை. பொருளை நகர்த்தாமலே உறவை மாற்றும் வலிமை சொல்லுக்கு உண்டு. பொய்யாகவும் அதைச் சொல்லலாம் என்பதால் சொல் தேவையற்றது ஆகிவிடாது. பொய்க் கையெழுத்து இருக்கிறது என்பதற்காக யாரும் பத்திரமே வேண்டாம் என்று சொல்வதில்லை.

மூன்றாவது மறுப்பு என்னை அதிகம் யோசிக்கவைத்தது. வேண்டாததையெல்லாம் சுமப்பவரிடம் சொல்லித் துடைத்துவிட்டால், நாளை எதை வைத்து நேற்றை அறிவது? நாஞ்சில் நாட்டின் பழைய வாழ்வைப் பற்றி நாம் அறிந்ததில் கணிசமான பகுதி, அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலைகளால் வந்தது. நிலம், வரி, வழக்கு, விலை என்று அன்றாடக் கணக்குகள் நிறைந்தவை அவை. எழுதிய காரியம் முடிந்து தலைமுறைகள் ஆனவை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றின் மதிப்பை உணர்ந்து ஆராய்ந்தார், பின்னாளில் அ.கா.பெருமாள் அவற்றைப் பதிப்பித்தார். காரியம் முடிந்ததுமே அந்த ஓலைகளை நெருப்பிலிட்டிருந்தால் நமக்கு ஒரு நாட்டின் நினைவே இல்லாமல் போயிருக்கும். கணினியிலும் இந்த இழப்பு உண்டு. ஹார்டு டிஸ்கில் தவறி அழித்த கோப்பைத் தேடி மீட்டவர்கள், டிரிம் போன எஸ்எஸ்டியில் கைவிரிக்க வேண்டியிருக்கிறது. குற்றப் புலனாய்வாளர்களுக்கும் அது இழப்புத்தான். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஓலைகள் பிழைத்தது யாரோ மறந்ததால் என்பதைவிட, ஒரு வீடு அவற்றை வைத்திருந்ததால் என்பதே சரி. வைத்திருப்பது ஒரு பொறுப்பு. அதைத் தெரிந்து ஏற்பவர் செய்வது காப்பு. விடுவதும் ஒரு பொறுப்பு. அதைத் தெரிந்து சொல்பவர் செய்வது துறவு. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு நிலை இருக்கிறது: வைத்துக்கொள்ளவும் இல்லை, விட்டுவிட்டதாகச் சொல்லவும் இல்லை, பாரம் மட்டும் யாரோ ஒருவர் தலையில். என் குற்றச்சாட்டு அந்த மூன்றாவது நிலையின் மேல் மட்டும்தான். அது நினைவையும் காப்பதில்லை, தோளையும் விடுவிப்பதில்லை.

தவறாகச் சொல்வதன் ஆபத்தும் உண்மையானது. 2015-இல் லினக்ஸ் சேவையகங்களில் சில கோப்புகளின் நடுவே எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பூச்சியங்கள் மட்டும் இருந்தன. முதலில் சில்லுகளின் மேல் பழி விழுந்தது. பிறகு தெரிந்தது, லினக்ஸ் கருவின் ரெய்டு பகுதியில் இருந்த ஒரு பிழை, வேண்டாதது என்று சொல்ல வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தைச் சுட்டியிருந்தது என்று. கேட்டவர் சொன்னதைச் செய்தார்; சொன்னதில்தான் பிழை. விடுகிறேன் என்று சொல்வதற்கு முன், விடுவது தனக்கு உரியதுதானா என்று பார்க்கும் கடமை இதிலிருந்து பிறக்கிறது. தந்தைக்குத் தான் பட்ட கடனை ஒருவர் துறக்கலாம் என்று தோன்றும். தந்தையின் முதுமையைத் துறக்க அவருக்கு உரிமை கிடையாது. குறியாக்கம் செய்த வட்டுகளில் லினக்ஸ் இந்தச் செய்தியை இயல்பாகக் கீழே அனுப்பாமல் வைத்திருப்பதும் நினைக்கத்தக்கது. எந்த இடம் காலி என்று சொல்வதே, எந்த இடத்தில் இரகசியம் இருக்கிறது என்பதற்குத் துப்பாகிவிடும் என்பது காரணம். சொல்வது என்பது ஊருக்கெல்லாம் சொல்வதாகாது. யார் சுமக்கிறாரோ அவருக்கு, அவர் சுமக்கும் அளவுக்குச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் ஒவ்வொரு நொடியும் ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே இருப்பதா என்று கேட்கலாம். பொறியாளர்கள் அதையும் செய்து பார்த்தார்கள். அழிக்க அழிக்க அப்போதே சொல்லும் முறையில், தொடக்ககாலச் சாதனங்கள் வேலையின் நடுவே திணறின. அதனால் பல லினக்ஸ் வழங்கல்களில் வாரம் ஒருமுறை மொத்தமாகச் சொல்லும் வழக்கம் வந்தது; ஆண்ட்ராய்டு போன், யாரும் பயன்படுத்தாமல் ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்துச் சொல்கிறது. சமணர் தம் பிழைகளை எண்ணி மீள்வதற்கு நாள்தோறும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை என்று முறை வைத்தது நினைவுக்கு வருகிறது. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் குமரி முக்கடலில் இடுப்பளவு நீரில் நிற்கும் ஆயிரக்கணக்கானோர் செய்வதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. தர்ப்பணத்தில் பெயர் சொல்லி நீர் விடுவது தந்தை, பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறைக்கு. புதிதாக இறந்தவர் சபிண்டீகரணம் என்ற சடங்கில் அந்த வரிசையில் சேர்க்கப்படும்போது, அதுவரை பூட்டனாக இருந்தவர் வரிசையைக் கடந்து போகிறார். முன்னோரை என்றென்றும் பெயர் பெயராகச் சுமக்கும்படி மரபு யாரையும் கேட்கவில்லை. எப்போது விடுவது என்பதற்கு ஓர் எல்லையும், விடும்போது சொல்வதற்கு ஒரு சொல்லும் அது வைத்திருக்கிறது. நினைவில் வைப்பதும் விடுவதும் அங்கே எதிரிகளாக நிற்கவில்லை; ஒரே கைநீரில் இரண்டும் நடக்கின்றன.

கடைசியாக ஒரு மறுப்பு: சில்லுக்கு வலியில்லை, உயிரில்லை, அதை வைத்து மனித உறவைப் பேசுவது எப்படிச் சரியாகும்? சில்லு மனிதர் போன்றது என்று நான் வாதிடவில்லை. சுமத்தலுக்கும் அறிதலுக்கும் இடையில் உள்ள ஒரு தொடர்பு, உணர்ச்சியும் பழக்கமும் கலக்காத இடத்தில் துலக்கமாகத் தெரிகிறது என்பதே என் வாதம். தனக்குச் சொல்லப்படாததைச் சுமப்பவர் தானாக இறக்கிவைக்க முடியாது. அந்தப் பாரம் வேண்டியதா வேண்டாததா என்று அவரால் உள்ளிருந்து அறிய முடியாது என்பதுதான் காரணம். நேர்மையாகச் சுமப்பவராக இருந்தால், அவர் எல்லாவற்றையும் வேண்டியதாகவே கருதிக் காப்பார். சில்லின் பிழை என்று இதைச் சொல்ல முடியாது. அது அதன் விசுவாசம். வீடுகளிலும் அப்படித்தான் நடக்கிறது. வெளிநாட்டில் குடியேறிவிட்ட மகன் இனித் திரும்பப் போவதில்லை என்று தனக்குள் எப்போதோ முடிவெடுத்திருக்கலாம். அதைச் சொல்லாதவரை தாய் அவன் அறையைக் கூட்டிப் பெருக்குவாள், அவன் பங்குத் தோப்புக்கு வேலி கட்டுவாள், வந்த விலைக்குக் கொடுக்க மனமில்லாமல் வீட்டுக்கு வரி கட்டுவாள். அவள் விசுவாசம் பெரிதாக இருக்குமளவுக்கு அவள் தேய்வும் பெரிதாகிறது. சொன்னால் அவளுக்கு வலிக்கும் என்று மகன் சொல்லாமலிருக்கிறான். அந்த வலியைவிட அவள் ஆண்டுக்கணக்கில் வீணாகச் சுமப்பது கனமானது என்பதை அவன் எண்ணிப் பார்ப்பதில்லை. சொன்னபின் அவள் அந்த அறையை அப்படியே வைத்திருக்க விரும்பினால் அது அவள் தேர்ந்த காப்பு. அதில் ஒரு மாண்பு உண்டு. அறியாமல் வைத்திருப்பதில் அந்த மாண்பை நாம் அவளிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

திருச்சாரணத்துமலையின் குணந்தாங்கிக் குரத்திகளை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். உடைமை கூடாது என்ற நெறியில் நின்ற துறவி அவர். பொன்னைத் தான் விட்டுவிட்டதாக மனத்துக்குள் எண்ணிக்கொண்டு ஏதோ ஒரு மூலையில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. எந்த அரசரின் எந்த ஆண்டு, கொடுப்பவர் யார், அவர் ஆசிரியர் யார், கொடுத்தது என்ன, யாருக்கு என்று எல்லாம் கல்லில் இருக்கிறது. இனி அந்தப் பொன் யாருடையது என்று யாரும் ஐயப்பட்டுச் சுமக்க வேண்டியதில்லாதபடி அது சொல்லப்பட்டுவிட்டது. துறவின் பெருமையைப் பேசும்போது நாம் துறந்தவர் முகத்தையே பார்க்கிறோம். கொஞ்சம் திரும்பி, அவர் விட்டுச் சென்றதன் அருகே யார் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். அவருக்குச் செய்தி வந்து சேர்ந்திருந்தால் அது துறவு. இன்னும் அவர் காத்துக்கொண்டிருந்தால், துறவு பாதியில் நிற்கிறது. மீதியை முடிக்க ஒரு சொல் போதும்.